பழந்துணிப் பை

பணம் முடிந்த துணிக்குப் பழந்தமிழில் ‘கிழி’ என்று பெயர். திருவிளையாடற் புராணத்தில் பாண்டியன் ஆயிரம் பொன்னைக் கட்டித் தொங்கவிட்டது இந்தக் கிழியில்தான், தருமி ஆசைப்பட்டதும் இதற்குத்தான். இன்றும் அறிஞர்களுக்கு வழங்கும் தொகையைப் ‘பொற்கிழி’ என்கிறார்கள். சொல்லின் வேர் கிழித்தலில் இருக்கிறது. ஒரு துணியிலிருந்து கிழித்தெடுத்த துண்டில் காசை வைத்து முடிந்தால் அது கிழி. தமிழில் பணப்பைக்கு வாய்த்த பழைய பெயர்களுள் ஒன்று கந்தல் துண்டின் பெயராகவே இருப்பது கவனிக்கத்தக்கது.

துணியைக் குறிக்கும் சொற்கள் பலவும் இப்படித்தான். துணித்தது துணி, அறுத்தது அறுவை, கூறுபோட்டது கூறை, துண்டாக்கியது துண்டு. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற சங்கப் புலவரின் பெயரில் அந்தப் பழைய சொல்லும் துணி வணிகமும் சேர்ந்தே நிற்கின்றன. தறியில் நீளமாக வந்ததை அறுத்துப் பயன்படுத்திய மக்களுக்கு, மிஞ்சிய துண்டும் ஒரு பொருள்தான். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரை அடுக்கும் இடத்தில் துன்னகாரர் என்ற தையற்காரர் வருகிறார்கள். அவர்களுக்குப் பின், கிழியையும் நெட்டியையும் கொண்டு பலவகைக் கைவேலை செய்தவர்கள் வருகிறார்கள். துணித்துண்டை மூலப்பொருளாகக் கொண்ட தொழில் அந்த நகரத்தில் தனியாகச் சொல்லத்தக்க அளவுக்கு இருந்திருக்கிறது.

சிறிய பை தேவைப்பட்டதற்கு முதற்காரணம் உடை. வேட்டிக்கும் சேலைக்கும் பை கிடையாது. காசையும் வெற்றிலையையும் சாவியையும் வைத்துக்கொள்ள உடம்போடு ஓர் இடம் வேண்டியிருந்தது. ஆண்கள் வேட்டி மடியில் சுருட்டிச் செருகினார்கள். பெண்கள் முந்தானையில் முடிந்தார்கள். அந்த மடியில் வைக்கும் துணிப்பைதான் ‘மடிச்சீலை’. பின்னாளில் பட்டாபட்டிக் கால்சட்டையில் பெரிய பை வைத்துத் தைத்ததும், வேட்டிமேல் கட்டிய அகலமான பச்சைப் பெல்ட்டில் பணத்துக்கு அறை வைத்ததும் அதே தேவையின் தொடர்ச்சி.

பெண்களுக்கு அந்த இடத்தை முழுமையாக நிரப்பியது சுருக்குப்பை. உள்ளங்கையளவு அல்லது சற்றுப் பெரிய துணிப்பை. வாயைச் சுற்றி மடித்துத் தைத்த குழல். அதற்குள் எதிரெதிர் முனைகளிலிருந்து நுழைத்த இரண்டு கயிறுகள். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்தால் வாய் சுருங்கி இறுகும். விரலை உள்ளே விட்டு விரித்தால் திறக்கும். பொத்தானோ கொக்கியோ தேவையில்லை. நல்ல சுருக்குப்பையில் உள்ளே இரண்டு மூன்று அறைகள் இருக்கும்: ஒன்றில் வெற்றிலை, ஒன்றில் பாக்கு, ஒன்றில் சில்லறை. சுண்ணாம்பு டப்பியும் பாக்குவெட்டியும் அதற்குள்ளேயே அடங்கும். அதை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்று நடவும் களையெடுக்கவும் சந்தைக்கு நடக்கவும் முடிந்தது. கூலியாக வந்த பணத்தில் ஒரு பெண் தன் கையில் வைத்துக்கொண்ட பகுதி எங்கே இருந்தது என்று கேட்டால், கிராமத்துப் பாட்டிமார் பலருக்கும் பதில் அந்தப் பைதான். கைத்தொழில் வரலாற்றில் அதற்கு இதுவரை கிடைத்திருக்கும் இடம் மிகக் குறைவு.

இந்தப் பைக்குப் புதுத்துணி வெட்டுவதில்லை. ரவிக்கை தைத்ததில் விழுந்த வெட்டுத்துணி, கிழிந்த பாவாடையின் கரை, பழைய சட்டையின் முதுகு என்று கையில் கிடைத்தவற்றை ஒட்டித் தைத்தார்கள். பல நிறங்களில் சுருக்குப்பை இருந்ததற்கு அழகுணர்ச்சி ஒரு காரணம். ஒரே நிறத்தில் போதுமான துணி கிடைக்காதது இன்னொரு காரணம்.

துணி அந்த அளவுக்கு அரிதாக இருந்தது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி சட்டையையும் தொப்பியையும் கைவிட்டு அரையாடைக்கு மாறியதற்குப் பின்னணி, கதர் வாங்கக்கூடக் காசில்லை என்று ஏழை மக்கள் சொன்னதுதான். இரண்டாம் உலகப்போரின்போது தட்டுப்பாடு முற்றியது. 1943-இல் இந்திய அரசு பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. ‘கண்ட்ரோல்’ என்ற சொல் தமிழ் வீடுகளுக்குள் புழக்கத்துக்கு வந்த காலம் அது. அப்படிப்பட்ட நாளில் ஒரு துணி உடுத்துவதோடு முடிந்துவிடாது. கிழிந்த சேலை தொட்டிலுக்குத் தூளியாகும். தூளி நைந்தால் குழந்தைக்கு விரிப்பாகும், அடுப்பங்கரையில் கரித்துணியாகும். கடைசி இழை விளக்குத் திரியாகும். பையாவது இந்த வரிசையின் நடுவில். முற்றிலும் நைந்த துணி பைக்கு ஆகாது, பாரம் தாங்காது. உடுத்த முடியாத அளவுக்குக் கிழிந்திருந்தாலும் இடையிடையே வலுவிழக்காத பகுதி இருக்க வேண்டும். அந்தப் பகுதியைக் கண்டுபிடிப்பதே பை தைப்பவரின் முதல் திறமை.

சட்டை இந்த வரிசைக்குள் தாமதமாகவே வந்தது. மேலுடம்பில் துண்டு மட்டும் போட்டிருந்த பெரும்பான்மைக்குச் சட்டை அன்றாட உடையானது இருபதாம் நூற்றாண்டில்தான். அதோடு சேர்ந்து வந்தது தையல் இயந்திரம். ஐசக் சிங்கர் அமெரிக்காவில் 1851-இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்தியச் சந்தையை எட்டிவிட்டது. கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் நிறுவனம் 1930-களில் உஷா இயந்திரத்தைச் செய்யத் தொடங்கிய பிறகு அது சிற்றூர்களுக்கும் பரவியது. ஜவுளிக்கடைத் திண்ணையில் மிதி இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்த தையற்காரர் ஊரின் அடையாளங்களில் ஒருவரானார். சட்டை தைக்கக் கொடுத்த துணியில் மிஞ்சியதைப் பையாகத் தைத்து, அதற்குள்ளேயே புதுச்சட்டையை மடித்து வைத்துக் கொடுத்த தையற்காரர்கள் உண்டு.

பழைய சட்டை பையாகும் முறையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சட்டை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. முதலில் போவது காலர். பிறகு கைமடிப்பின் விளிம்பு, முழங்கை, அக்குள். காலர் தேய்ந்தவுடன் சட்டையைத் தள்ளிவிட மாட்டார்கள். தையலைப் பிரித்து, காலரைத் திருப்பி, உட்பக்கம் வெளியே வரும்படி வைத்துத் தைத்து இன்னும் ஓராண்டு போடுவார்கள். அதுவும் தேய்ந்த பின்னரே கத்திரி விழும். அப்போதும் தோள்பட்டைக்குக் கீழே முதுகுப்பகுதி பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கும். நடுத்தர அளவுச் சட்டையில் அங்கே ஏறக்குறைய 20 அங்குலச் சதுரம் கிடைக்கும். அதை நடுவில் மடித்து இருபக்கமும் தைத்தால் பத்து அங்குல ஆழத்தில் ஒரு பை. சட்டையின் கீழ்விளிம்பு ஏற்கெனவே மடித்துத் தைத்தது. அதைப் பையின் வாயில் ஒரு பக்கமாக வைத்துக்கொண்டால் அங்கே விளிம்பு பிரியாது. அந்த மடிப்பு அகலமாக இருந்தால் சுருக்குக் கயிறு நுழைக்கும் குழலும் அந்தப் பக்கத்துக்குத் தயார். பொத்தான் பட்டி பல மடிப்புள்ள துணி, ஆகவே அது கைப்பிடிக்கு ஏற்றது. மார்புப் பையை அடித்துணியோடு சேர்த்து வெட்டி உட்புறம் வைத்தால் சில்லறை வைக்க அறை கிடைக்கும். முழுக்கையின் ஒரு முனையைத் தைத்து மூடினால் பருப்போ விதையோ கட்டிவைக்க நீளப்பை. பொத்தான்களை வெட்டிச் சேர்த்து வைப்பார்கள்.

கைத்தையலில் பை தைத்தவர்கள் அடியை இரட்டிப்பாகவே தைத்தார்கள். முதலில் ஓரத்தை ஒட்டித் தைத்துத் திருப்பி, வெட்டிய விளிம்பு உள்ளே மறையும்படி மறுபடி ஒரு வரி. பிசிர் வெளியே வராது, அரிசியும் சிந்தாது. கைப்பிடி சேரும் இடத்தில் ஒரு சதுரத் துண்டை ஒட்டுப்போட்டு குறுக்கும் நெடுக்குமாகத் தைப்பார்கள். பாரம் இழுப்பது அங்கேதான் என்பது தூக்கிப் பழகியவர்களுக்குத் தெரியும்.

சட்டையைவிடப் பையாவதற்குப் பெயர்போனது பேண்ட். துணி கனமானது, கால் ஏற்கெனவே குழாய் வடிவம். ரேஷன் கடை வரிசையிலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் தோளிலும் அப்பாவின் பேண்ட் பையாகத் தொங்கிய காட்சி 1970, 80-களில் தமிழகம் முழுவதும் சாதாரணம். டெரிகாட்டன் வந்தபின் இந்தப் பைகளின் ஆயுள் கூடியது. பருத்தி நைந்து போகும். பாலியெஸ்டர் கலந்த துணி அவ்வளவு விரைவில் நையாது. ஆனால் அது ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. கரித்துணிக்கும் திரிக்கும் ஆகாது. பழைய வரிசையில் பைக்குப் பிறகு வந்த படிகள் இந்தத் துணியோடு அறுந்தன.

இதே காலத்தில் இன்னொரு வழியும் திறந்திருந்தது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் வியாபாரிகள் தெருத்தெருவாக வந்தார்கள். இத்தனை சேலைக்கு ஒரு தூக்குவாளி என்று பேரம் நடக்கும். வாங்கிய துணி துவைத்து, ஒட்டுப்போட்டு, பழைய துணிச் சந்தைக்குப் போகும், மறுபடி உடுத்தப்படும். தேறாதது இயந்திரப் பட்டறைகளில் எண்ணெய் துடைக்கும். ஒரு சட்டை பையாகுமா பாத்திரமாகுமா என்பதை வீட்டுப் பெண்கள் தீர்மானித்தார்கள். பாத்திரக்காரர் ஒதுக்கித் தள்ளியதே பெரும்பாலும் பையானது.

மஞ்சப்பை இந்தக் குடும்பத்தில் சற்று வேறு வகை. அது புதுத்துணி. ஜவுளிக்கடையும் நகைக்கடையும் தங்கள் பெயரை அச்சிட்டுக் கொடுத்தன. கல்யாண வீடுகள் தேங்காயும் வெற்றிலை பாக்கும் வைத்துத் தாம்பூலப் பையாகக் கொடுத்தன. மஞ்சள் மங்கல நிறம். இலவசமாக வந்த அந்தப் பையை மக்கள் பத்திரப் பையாகவும் ஊருக்குப் போகும் பையாகவும் பல ஆண்டுகள் வைத்துக்கொண்டார்கள். பிறகு பாலித்தீன் வந்தது. ஸ்வீடனின் செல்லோபிளாஸ்ட் நிறுவனத்துக்காக ஸ்டென் குஸ்தாஃப் தூலின் வடிவமைத்த ஒற்றைத்துண்டுக் கைப்பிடிப் பைக்கு 1965-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த வடிவம் தமிழகத்துக் காய்கறிக் கடைகளையும் பிடித்துக்கொண்டது. கடைக்காரரே பை தருவதால் வீட்டிலிருந்து எடுத்துப்போகும் வழக்கம் விட்டுப்போனது. துணிப்பை வைத்திருப்பவர் பட்டிக்காட்டுக்காரர் என்ற பார்வை வந்தது. சினிமாவில் நகரத்துக்கு வரும் கிராமத்து மனிதரின் கையில் மஞ்சப்பையைக் கொடுத்தார்கள். 2014-இல் ராஜ்கிரண் நடித்த படத்துக்கு அதுவே பெயரானது. இந்த ஏளனம் செய்த கேடு பெரிது. ஒரு நல்ல வழக்கத்தை ஏழ்மையின் அடையாளமாக்கி, அதைக் கைவிடுவதை முன்னேற்றம் என்று நம்பவைத்தது.

துணி மலிந்த பிறகு என்ன ஆனது என்பதை 2004 சுனாமி காட்டியது. நாகப்பட்டினம் பகுதிக்கு நாடெங்கிலுமிருந்து வந்து இறங்கிய பழைய துணிகள் சாலையோரங்களில் குவியலாகக் கிடந்தன. மீனவ மக்கள் அவற்றைத் தொடவில்லை. அடுத்தவர் உடுத்திக் கழித்ததை வாங்கிக்கொள்ளும் நிலையை அவர்கள் ஏற்காதது நியாயமே. அன்ஷு குப்தா 1999-இல் தில்லியில் தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு அந்தக் குவியல்களைத் தரம் பிரித்துப் பயனுள்ள பொருளாக்கும் வேலையில் இறங்கியது. உடுத்த முடியாத துணியைப் பையாகவும் விரிப்பாகவும் மாற்றுவது அந்த அமைப்பின் வழக்கமான பணிகளில் ஒன்று. பாட்டிமார் வீட்டில் செய்ததைப் பெரிய அளவில், கூலி கொடுத்துச் செய்யலாம் என்பதற்கு அது சான்று.

பாலித்தீனுக்கு எதிரான முயற்சி நீலகிரியில் முன்கூட்டியே, 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கியது. மாநிலம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கான தடை 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைக்கப்பட்டது. ஏளனத்துக்கு ஆளான பொருளை அரசே கையில் எடுத்து மரியாதை கொடுத்தது பாராட்டத்தக்கது.

ஆனால் புதுத்துணிப் பைக்கும் ஒரு விலை உண்டு. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரணப் பருத்திப் பை ஒன்று பாலித்தீன் பைக்கு ஈடாக வேண்டுமானால், வெப்பமயமாதலை மட்டும் கணக்கிட்டால் 52 முறை பயன்பட வேண்டும். நீர் உள்ளிட்ட எல்லா அளவுகோல்களையும் சேர்த்தால் 7,100 முறை. கடலிலும் கால்வாயிலும் மாட்டின் வயிற்றிலும் சேரும் பிளாஸ்டிக் குப்பை அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே அது பாலித்தீனுக்கு நற்சான்று அல்ல. பருத்தி விளைய எவ்வளவு நீரும் உரமும் நிலமும் செலவாகின்றன என்பதையே அது நினைவூட்டுகிறது. பழைய சட்டையில் தைத்த பைக்கு அந்தச் செலவு கிடையாது. அதற்கான நீரும் உரமும் சட்டைக்காக ஏற்கெனவே செலவானவை. புதிதாக வேண்டியது நூலும் அரைமணி நேர உழைப்பும் மட்டுமே.

மகளிர் குழுக்கள் மஞ்சப்பை தைக்கின்றன. அரசு இலவசமாக வழங்கிய தையல் இயந்திரங்கள் ஊர்தோறும் இருக்கின்றன. அந்தக் கைகளுக்குப் புதுத்துணிக் கட்டுகளோடு, வீடுகளில் பீரோவை அடைத்துக் கிடக்கும் பழைய சட்டைகளும் போய்ச்சேர வேண்டும். அப்படி வரும் பை மஞ்சளாக இருக்காது. கட்டமும் கோடும் போட்டதாக, ஒன்றைப் போல் ஒன்று இல்லாததாக இருக்கும்.