கடைமடைக்கு எட்டாத வட்டி விகிதம்

ஏரி நிரம்பியிருப்பது ஒன்று. கடைமடை வயலுக்கு நீர் பாய்வது வேறொன்று. சித்தூர்ச் சீமைக் குடியானவனுக்கு இதனைச் சொல்லித் தெரிவிக்க வேண்டுவதில்லை. நாட்டின் பணமும் இத்தகையதே. மத்திய வங்கி தன் வட்டி விகிதத்தை இறக்குவதும் ஏற்றுவதும் மதகைத் திறப்பதும் அடைப்பதும் போன்றவை. அந்த ஆணை வயலை எட்டுமா என்பதை முடிவு செய்வது இடையிலுள்ள கால்வாய். அதாவது, வங்கிகள் கொடுக்கும் கடன். பொருளியலார் 'டிரான்ஸ்மிஷன்' என்று வழங்கும் இச்செய்கைக்கு, 'பாய்ச்சல்' என்னும் உழவர் சொல்லே பொருத்தமானதென்று, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு.

பாகாலாவின் பழங்கதையிலிருந்து தொடங்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் பாதை இவ்வூரைச் சந்திப்பாக்கிற்று. தெற்கே காட்பாடி, விழுப்புரம், மேற்கே தர்மவரம், வடகிழக்கே திருப்பதி, கூடூர். சீமையின் வேர்க்கடலையும் வெல்லமும் தொலைவிலுள்ள சந்தைகளைக் காண வழி பிறந்தது. விழுப்புரத்துக்கு அப்பால் புதுச்சேரித் துறைமுகம். அங்கிருந்து வேர்க்கடலை பிரான்சு தேசத்து மார்சேல் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறிற்று.

அறுவடைக் காலத்தில் வியாபாரிகள் அனைவருக்கும் ஒரே சமயத்தில் ரொக்கம் வேண்டும். 1843-இல் தோன்றிய சென்னை வங்கியோ, 1862 முதல் நோட்டு வெளியிடும் உரிமையை இழந்திருந்தது. அரசாங்கம் வசூலித்த வரிப்பணத்தின் பெரும்பகுதி கஜானாவில் முடங்கிக் கிடந்தது. ஆகவே மழைக்காலத்தில் 3 சதத்துக்கு இறங்கும் வங்கி வட்டி, அறுவடைக் காலத்தில் 7, 8 சதத்துக்கு ஏறுவதுண்டு. இந்த ஏற்ற இறக்கத்தைக் கெயின்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர், இந்தியாவின் நாணய முறையைப் பற்றி 1913-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். வியாபாரி தான் கொடுக்கும் வட்டியைக் கணக்கிட்டே கொள்முதல் விலையைச் சொல்வான். கிஸ்திக்கு நாள் நெருங்கிய குடியானவனோ, விலை ஏறட்டுமென்று காத்திருக்க இயலாது. கடன் கிடைக்காமையின் சுமை இவ்வாறு கடைசியில் அவன் தலையிலேயே இறங்கிற்று.

1929-க்குப் பின் வந்த உலக மந்தத்தில் இவ்வியல்பு கொடிய வடிவம் கொண்டது. விளைபொருள் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. அந்நேரத்தில் ரூபாயின் மாற்று விகிதத்தைக் காக்கும் பொருட்டு அரசாங்கம் பணப் புழக்கத்தைச் சுருக்கிற்று. கடன் கொடுத்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டனர். கடனாளிகள் கிடைத்த விலைக்கு விற்றனர். விற்கவே விலை மேலும் வீழ்ந்தது. ஈடாக வைத்த நிலத்தின் மதிப்புக் குறையவே, புதுக் கடனும் அரிதாயிற்று. மந்தத்தால் கடன் சுருங்கியது, கடன் சுருங்கியதால் மந்தம் முற்றியது. 1938-இல் சென்னை மாகாண அரசாங்கம் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் செய்து, பழைய கடன்களின் வட்டிப் பாக்கியைக் குறைக்க வேண்டியதாயிற்று. அக்காலத்தில் சித்தூர் ஜில்லாவும் அம்மாகாணத்தைச் சேர்ந்ததே.

இதற்கிடையில், 1935 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி பிறந்திருந்தது. அவ்வாண்டு நவம்பரில் அது தன் வட்டி விகிதத்தை 3 சதமாக்கி, 1951 நவம்பர் வரை, பதினாறு ஆண்டுகள், மாற்றாமல் வைத்திருந்தது. நாட்டில் பணம் மலிவென்றே ஏடுகள் கூறும். ஆனால் கிராமத்துப் புரோநோட்டில் 'ஒரு ரூபாய் வட்டி' என்றால் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய். ஆண்டுக்கு 12 சதம். அதற்கு மேற்பட்ட வட்டியும் உண்டு. பம்பாயில் எழுதிய 3 சதம் இங்கே ஏன் வரவில்லை?

விடையை அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு தந்தது. 1951-52-இல் நடந்து 1954-இல் வெளியான அவ்வாய்வின்படி, உழவர் வாங்கிய ஒவ்வொரு நூறு ரூபாய்க் கடனிலும் வர்த்தக வங்கிகள் அளித்தது 90 காசுதான். கூட்டுறவுச் சங்கங்கள் அளித்தது மூன்று ரூபாய்க்குச் சற்று மேல். ஏறத்தாழ எழுபது ரூபாய் லேவாதேவிக்காரர்களிடமிருந்தே வந்தது. கால்வாயே வெட்டாத இடத்தில் மதகைத் திறந்து பயன் என்ன? இந்த ஆய்வின் பயனாகவே 1955 ஜூலை முதல் தேதி ஸ்டேட் வங்கி உருவாயிற்று. 1969 ஜூலை 19-இல் பதினான்கு பெரிய வங்கிகள் தேசியமயமாயின. கிளைகள் சிற்றூர்களுக்கு வந்தன.

கால்வாய் வெட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. ரிசர்வ் வங்கி விகிதத்தைக் குறைத்தபோதும், வங்கிகள் பழைய டெபாசிட்டுகளுக்குக் கூடுதல் வட்டி தரவேண்டியிருப்பதைக் காட்டிக் கடன் வட்டியைக் குறைக்கத் தயங்கின. ஏற்றுவதிலோ அத்தனை தயக்கம் இல்லை. அதனாலேயே, 2019 அக்டோபர் முதல், தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் தரும் புதிய மாறும் வட்டிக் கடன்களை ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோலோடு பிணைக்க ஆணை பிறந்தது. எனினும், பட்டா தம் பெயரில் இல்லாத குத்தகைக்காரர் பலருக்கு வங்கியின் வாயில் எளிதில் திறப்பதில்லை. விதைக்கும் உரத்துக்கும் மண்டியில் முன்பணம் பெற்று, விளைச்சலை அங்கேயே அளக்கும் ஒருவருக்கு ரெப்போ குறைந்த செய்தி வெறும் செய்தியே.

விகிதம் எத்தனை என்று மட்டும் கேட்டுப் பழகிய நாம், அது யாரை எட்டுகிறது என்றும் கேட்கப் பழகவேண்டும். வறட்சி வந்தால் முதலில் காய்வது கடைமடை; வெள்ளம் வந்தால் கடைசியில் நனைவதும் அதுவே. பணக் கொள்கையின் வெற்றியை அங்கே நின்று அளப்பதே முறையாகும்.