துரின் நகரத்து மிருகம்

1909ஆம் ஆண்டில் ஜேர்மனியரின் பென்ஸ் மோட்டார் வண்டியொன்று, இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியது. அதனை வெல்லுதற்கென்றே இத்தாலியின் துரின் நகரத்துப் பியட் நிறுவனம் எஸ் 76 எனும் வண்டியைச் செய்தது. ‘துரின் நகரத்து மிருகம்’ எனப் பெயர் பெற்றது அவ்வண்டியே.

அதன் எஞ்சினுக்கு நான்கே உருளைகள். ஒவ்வொன்றின் விட்டமும் 190 மில்லிமீற்றர். பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 250 மில்லிமீற்றர். மொத்தக் கொள்ளளவு 28 லீற்றருக்கும் அதிகம். இன்று நம் வீதிகளில் ஓடும் சிறிய கார்களிற் பலவற்றின் எஞ்சின் முழுவதும் ஒரு லீற்றரளவே. அத்தகைய ஏழு எஞ்சின்கள் இதன் ஓர் உருளைக்குள் அடங்கிவிடும்! இத்துணை அகன்ற உருளையில் ஓரிடத்திற் பற்றிய தீ மறுபுறத்தை எட்டுமுன் பிஸ்டன் விலகிவிடக்கூடும். ஆதலால் உருளையொன்றுக்கு மூன்று ஸ்பார்க் பிளக்குகள் வைத்தனர்.

1913 டிசெம்பரில் பெல்ஜியத்தின் ஒஸ்டென்ட் நகரில் ஆர்தர் டூரே இதனைச் செலுத்தி, மணிக்கு ஏறத்தாழ 213 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டார். ஆயினும் ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் ஓடிக் காட்டவேண்டுமென்பது விதி. அது கைகூடவில்லை, சாதனையும் பதிவாகவில்லை.

செய்யப்பட்டவை இரண்டே வண்டிகள். முதல் உலகப் போரின் பின் ஒன்றைப் பியட் நிறுவனமே பிரித்துவிட்டது. எஞ்சின் மட்டும் தப்பியது. மற்றையதன் அடிச்சட்டம் அவுஸ்திரேலியா சென்று, வேறோர் எஞ்சின் பூட்டப்பெற்று ஓடிச் சிதைந்தது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆங்கிலேய ஆர்வலர் ஒருவர் இவ்விரண்டையும் ஒன்றுசேர்க்க முனைந்தார்.

பத்தாண்டுக்கு மேற்பட்ட வேலை அது. உதிரிப்பாகம் எந்தக் கடையில் கிடைக்கும்? காணாமற்போன பற்சக்கரப் பெட்டியையும், ரேடியேற்றரையும், மேற்கூட்டையும் பழைய வரைபடங்களையும் நிழற்படங்களையும் கொண்டு புதிதாகச் செய்தனர். இவையெல்லாம் பிழைத்தால் மீண்டும் செய்யலாம். எஞ்சினின் நிலை வேறு. அக்காலத்து எஞ்சின்களில் சுழல்தண்டைத் தாங்கும் இடங்களில் வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்து, கையாற் சுரண்டிப் பொருத்துவர். இடைவெளி குறைந்தாற் சூடேறி உருகும், கூடினாற் தட்டும். நூறாண்டு பழைய வார்ப்பிரும்பிலோ, கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பு எங்கிருக்குமென்று எவர் அறிவார்? அது பிளந்தால் மாற்றிவைக்க உலகில் இன்னொன்று இல்லை. வண்டியைக் காட்சிப் பொருளாக நிறுத்தி வைத்திருந்தால் இந்த அச்சமே இல்லை. ஓடவைக்கத் துணிந்ததே இம்முயற்சியின் பெருமை.

2014 நவம்பரில், கைப்பிடியைச் சுழற்றி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் எஞ்சினை உயிர்ப்பித்தனர். ஓர் எஞ்சினும் வேறொரு வண்டியின் சட்டமும் சேர்ந்ததைப் பழைய வண்டி எனலாமோ என்று வழக்காடுவோர் உளர். ஆனால் 2015இல் இங்கிலாந்தின் குட்வூட் மேட்டுப்பாதையில் அது ஏறியபோது, பக்கவாட்டிலுள்ள குறுகிய புகைவாய்களினூடாகத் தீச்சுவாலை பாய, ஒஸ்டென்ட் மக்கள் 1913இற் கேட்ட இரைச்சலையே கூடியிருந்தோர் கேட்டனர்.