மா: ஓரெழுத்து, பல பொருள்

‘மாமதுரை’ என்கையில் ‘மா’ பெருமை. நத்தத்துத் தோப்பில் அது மாமரம். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் தங்கக் குதிரையும் சங்கத் தமிழில் மாதான். விலங்குக்குப் பொதுப்பெயரான சொல் குதிரையையும் குறித்தது. அரைத்த அரிசியும் மா. நாம் ‘மாவு’ என்கிறோம், யாழ்ப்பாணத்தார் இன்றும் ‘மா’ என்றே சொல்கிறார்கள். பழங்கணக்கில் இருபதில் ஒரு பங்கு மா. ஒரு வேலி நிலத்துக்கு 20 மா.

இதே ஒலி சீனத்தில் தொனிக்கேற்ப அம்மா, குதிரை; தாய்லாந்து மொழியில் வா, குதிரை, நாய். சமஸ்கிருதத்தில் ‘வேண்டாம்’. ஒலி ஒத்ததாலேயே இவை உறவாகிவிடா.

மெய்யான உறவு வேறிடத்தில் இருக்கிறது. நம் மாங்காய்க்கு உடன்பிறப்பான மலையாள ‘மாங்ங’ போர்த்துக்கீசியர் வாயில் ‘மாங்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ ஆனது. உலகம் சுவைக்கும் அந்தச் சொல்லின் வேர் நம் மா. அதை அறிந்து சொல்வதே நமக்குப் பெருமை.