பெட்லம்: ஒரு சொல்லும் ஓர் ஆஸ்பத்திரியும்

நேற்று ஆபீஸ் மீட்டிங்கில் ஆளாளுக்குக் கத்த, மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு "வாட் எ பெட்லம்!" என்றார். ஒரே களேபரம், குழப்பம் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து தேடினால், சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆஸ்பத்திரியே இருக்கிறது!

1247-ல் லண்டனில் பெத்லகேம் பெயரில் ஒரு மடம் தொடங்கினார்கள். பிற்பாடு அது மனநோயாளிகளுக்கான இடமானது. பெத்லகேம் ஜனங்கள் வாயில் தேய்ந்து 'பெட்லம்' ஆகிவிட்டது. 1676-ல் அரண்மனை மாதிரி புதுக் கட்டடம். வடிவமைத்தவர் ராபர்ட் ஹூக் (பள்ளியில் ஸ்பிரிங் விதி படித்தோமே, அவரேதான்). உள்ளே நோயாளிகளைச் சங்கிலியில் கட்டியிருப்பார்கள். ஊர் ஜனம் வேடிக்கை பார்க்க வரும், உண்டியலில் காசு போடும். 1770-ல்தான் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. அவர்கள் போட்ட அலறல்தான் இன்றைக்கு நமக்குக் 'களேபரம்'.

வெள்ளைக்காரனை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. நாம் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று எத்தனை பேரைக் கிண்டல் அடித்திருப்போம்? இங்கே வடக்கே அதற்கு ஆக்ரா, ராஞ்சி. ஊர்தான் வேறு.

என் சித்தப்பா ஒருவர் கீழ்ப்பாக்கத்தில் மூன்று மாதம் இருந்து, குணமாகி, வேலைக்கும் போனார். எங்கே இருந்தீர்கள் என்று யாராவது கேட்டால், "மெட்ராஸ்ல" என்று மட்டும் சொல்வார். கடைசிவரை அந்தப் பேட்டையின் பெயரைச் சொன்னதில்லை.