பாக்ராம் வான்படைத் தளம்

பாக்ராம் வான்படைத் தளம் ஆப்கானிஸ்தானின் பர்வான் மாகாணத்தில், தலைநகர் காபூலுக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள இராணுவ விமானத் தளமாகும். 1950களில் சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் கட்டப்பட்ட இத்தளம் பலமுறை கைமாறி, 2021 ஆகஸ்ட் முதல் தாலிபான்களின் கட்டுப்பாட்டில் உள்ளது.

அமைவிடம்

இத்தளம் சாரிகார் நகருக்குத் தென்கிழக்கே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,490 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. காபூலை வட மாகாணங்களுடன் இணைக்கும் நெடுஞ்சாலை இதன் அருகிலுள்ள ஷோமாலி சமவெளி வழியாகச் சென்று, 1964 இல் திறக்கப்பட்ட சாலாங் சுரங்கப்பாதை மூலம் இந்துகுஷ் மலைத்தொடரைக் கடக்கிறது. பஞ்ச்சீர் பள்ளத்தாக்கின் நுழைவாயிலும் அண்மையிலேயே உள்ளது. காபூலை ஆள முயன்ற ஒவ்வொரு தரப்பும் பாக்ராமைக் கைப்பற்ற விரும்பியதற்கு இவ்வமைவிடமே முதன்மைக் காரணமாகும்.

பண்டைய நகரம்

குசானர் காலத்தில் சிறப்புற்றிருந்த கபிசி நகரம் பாக்ராம் பகுதியிலேயே அமைந்திருந்தது. 1937 முதல் 1939 வரை பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் நடத்திய அகழாய்வில் இந்தியப் பாணித் தந்தச் சிற்பங்கள், உரோமானியக் கண்ணாடிப் பொருட்கள், சீன அரக்குப் பொருட்கள் ஆகியவை இங்கு கிடைத்தன.

வரலாறு

1959 டிசம்பர் 9 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனாவர் இத்தளத்தில் வந்திறங்கினார். அவரை மன்னர் சாகிர் ஷா வரவேற்றார்.

1979 டிசம்பரில் சோவியத் வான்குடைப் படையினர் இங்கு இறங்கினர். தொடர்ந்த போரில் சு-25 தாக்குதல் விமானங்கள் இங்கிருந்து இயங்கின. அகமது ஷா மசூதின் படைகளுக்கு எதிராகப் பஞ்ச்சீரில் நடைபெற்ற நடவடிக்கைகளுக்கு இத்தளம் உறுதுணையாக இருந்தது. 1989 பெப்ரவரியில் சோவியத் படைகள் நாட்டை விட்டு முழுமையாக வெளியேறின. 1992 இல் நஜிபுல்லா அரசு வீழ்ந்தபோது தளம் மசூதின் படைகளின் கைக்கு வந்தது. 1996 இல் தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றிய பின்னர் இப்பகுதி போர்முனையானது. கட்டடங்கள் சிதைந்தன, சுற்றுப்புறம் கண்ணிவெடிகளால் நிறைந்தது.

2001 இறுதியில் அமெரிக்கக் கூட்டணிப் படைகள் தளத்தைப் பயன்படுத்தத் தொடங்கின. 2006 இல் ஏறத்தாழ 3,600 மீட்டர் நீளமுள்ள இரண்டாவது ஓடுபாதை அமைக்கப்பட்டதால், மிகப்பெரிய சரக்கு விமானங்களும் இங்கு இறங்க முடிந்தது. ஆப்கானிஸ்தானில் அமெரிக்காவின் மிகப்பெரிய தளமாக இது விளங்கியது.

சிறைச்சாலை

சோவியத் காலப் பட்டறைக் கட்டடம் ஒன்று அமெரிக்கப் படைகளால் தடுப்புச் சிறையாக மாற்றப்பட்டது. 2002 டிசம்பரில் இரு ஆப்கானியக் கைதிகள் இங்கு உயிரிழந்தனர். இவை கொலைகளே என அமெரிக்க இராணுவ மருத்துவர்கள் அறிவித்தனர். குவாண்டானாமோ கைதிகளுக்கு உள்ள ஆட்கொணர்வு மனு உரிமை பாக்ராம் கைதிகளுக்கு இல்லை என 2010 இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013 மார்ச்சில் சிறை ஆப்கானிய அரசிடம் ஒப்படைக்கப்பட்டது.

தாக்குதலும் விபத்தும்

2007 பெப்ரவரி 27 அன்று, அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் டிக் சேனி தளத்திற்குள் இருந்தபோது, வாயிலில் தற்கொலைத் தாக்குதல் நடத்தப்பட்டது. சேனி காயமின்றித் தப்பினார்.

2013 ஏப்ரல் 29 அன்று, போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று இங்கிருந்து புறப்பட்ட உடனேயே விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 7 பேரும் இறந்தனர். விமானத்தினுள் ஏற்றப்பட்டிருந்த கவச வாகனம் கட்டுகளிலிருந்து விடுபட்டுப் பின்னோக்கி நகர்ந்து, வால்பகுதியைச் சேதப்படுத்தியதே விபத்துக்குக் காரணம் என விசாரணையில் தெரியவந்தது.

2021 இற்குப் பின்

2021 சூலைத் தொடக்கத்தில் அமெரிக்கப் படைகள் இரவோடு இரவாக வெளியேறின. தமக்கு முன்னறிவிப்பு இல்லை என ஆப்கானியத் தளபதி கூறினார். ஆகஸ்ட் 15 அன்று தாலிபான்கள் தளத்தைக் கைப்பற்றிச் சிறையிலிருந்த ஆயிரக்கணக்கானோரை விடுவித்தனர். பாக்ராம் கைவிட்டுப் போனதால், வெளியேற விரும்பிய மக்கள் காபூல் நகர விமான நிலையத்தில் குவிந்தனர். ஆகஸ்ட் 26 அன்று அங்கு நிகழ்ந்த தற்கொலைத் தாக்குதலில் 13 அமெரிக்கப் படையினரும், 150 இற்கும் மேற்பட்ட ஆப்கானியரும் கொல்லப்பட்டனர். தாக்குதலை நடத்தியவர் பாக்ராம் சிறையிலிருந்து விடுபட்டவர் என அமெரிக்க அதிகாரிகள் தெரிவித்தனர்.

2024 ஆகஸ்டில் தாலிபான்கள் தமது ஆட்சியின் மூன்றாம் ஆண்டு நிறைவை இத்தளத்தில் இராணுவ அணிவகுப்புடன் கொண்டாடினர். 2025 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப் தளத்தைத் திருப்பித் தருமாறு கோரினார். தாலிபான் அரசு அதனை மறுத்தது.