மெழுகும் ரப்பர் பாலும்

திருக்கழுக்குன்றத்திலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போனால் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை நிற்கிறது. அவர்களை இந்தக் கரைக்கு இழுத்தது துணி. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணிகளில் ஐரோப்பாவையே கிறுகிறுக்க வைத்தது கலம்காரி. பிரான்ஸ் 1686-இலும் இங்கிலாந்து 1701-இலும் அதன்மேல் தடை போடும் அளவுக்கு மோகம் முற்றியிருந்தது. அந்தத் துணியில் தேன்மெழுகு செய்த வேலையை, இன்று ஒரு மேசையில் 1:72 அளவு மிக்-21 போர்விமான மாடலின் அக்ரிலிக் வண்ணத்தின் மேல் மாஸ்கிங் திரவம் செய்யும் வேலையோடு ஒப்பிட்டால் என்ன கிடைக்கும்? பொழுதுபோக்கையும் பெருந்தொழிலையும் ஒரே தட்டில் வைப்பதா என்று தயங்கலாம். ஆனால் இரண்டின் கடமையும் ஒன்றுதான்: குறித்த இடத்தில் நிறம் ஏறாமல் காத்துவிட்டு, தடயமில்லாமல் விலகிக்கொள்ள வேண்டும்.

மூலப்பொருளில் இரண்டும் உயிரினங்களின் கொடை. மெழுகு தேனீயுடையது, மாஸ்கிங் திரவங்களில் பெரும்பாலானவை ரப்பர் மரத்தின் பால். மெழுகு சூடு தணிந்தால் இறுகும். ஆகவே மெழுகுப் பாத்திரத்தைக் கனலருகே வைத்துக்கொண்டுதான் எழுத முடியும். ரப்பர் பால் நீர் வற்றினால் இறுகும். ஆகவே தூரிகையை முதலில் சோப்பு நீரில் தோய்க்காவிட்டால் அதன் மயிர் ஒரே கட்டியாகிவிடும். இறுகிய மெழுகை மறுபடி உருக்கலாம். இறுகிய ரப்பரை மறுபடி பாலாக்க வழியில்லை.

கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு அந்தப் புட்டியைத் திறந்ததும் எழும் காரநெடி பழக்கமானதாக இருக்கும். மரத்திலிருந்து வடித்த பால் ஆலைக்குப் போகும் முன் திரிந்துவிடாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பது வழக்கம். மாஸ்கிங் திரவத்திலும் அதே வேலைக்காகத்தான் அது இருக்கிறது. மாடல் செய்பவருடைய கவலை இங்கேதான் தொடங்குகிறது. பழைய அக்ரிலிக்கைக் கழுவி நீக்க அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானைப் பயன்படுத்துகிறோம் அல்லவா? அக்ரிலிக்கைக் கரைக்கும் அதே பொருளை, அக்ரிலிக்கைக் காக்கும் பொருளுக்குள் வைத்து நாமே பூசுகிறோம். போதாததற்கு இரண்டும் உறவுக்காரர்கள் வேறு. நீரில் கரைக்கும் அக்ரிலிக் வண்ணமும் ரப்பர் பாலும் நீரில் மிதக்கும் நுண்துகள்களே. நீர் போனதும் துகள்கள் நெருங்கி ஒரே படலமாகின்றன. முழுதாக இறுகாத படலத்தின் மேல் அதே இயல்புடைய இன்னொன்று உலர்ந்தால் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை. உரிக்கும்போது மாஸ்க்கோடு அடியிலுள்ள வண்ணமும் தோலாக எழுந்து வருவது அதனால்தான்.

மெழுகு துணிக்கு இப்படி எந்தத் தீங்கும் செய்வதில்லை. அதற்கு எதிரி வெளியே இருக்கிறது: சூடு. சிவப்புக்காகத் துணியைச் சாயவேரோடு கொதிக்க வைக்க வேண்டும். அங்கே மெழுகு நிற்காது. அதனால் சிவப்பைப் படிகாரத்தின் பொறுப்பில் விட்டார்கள். படிகாரம் எழுதிய இடத்தில் மட்டுமே சாயம் பிடிக்கும். அவுரித் தொட்டி அப்படியல்ல. அதற்குக் கொதிநிலை வேண்டாம், படிகாரமும் வேண்டாம். தோய்த்தால் துணி முழுதும் நீலமாகும். அங்கேதான் மெழுகுக்கு வேலை. நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மூடிவிட்டுத் தொட்டியில் இறக்கினார்கள். புதுச்சேரியில் 1734 வாக்கில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஒவ்வொரு கட்டத்திலும் துணுக்கு வெட்டிச் சேர்த்துக் குறிப்பெழுதினார். கேர்தூ என்ற யேசு சபைப் பாதிரியார் 1742-இல் இந்த முறையைக் கடிதமாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தொழில் ரகசியம் கடல் கடந்தது இப்படித்தான். பாதிரியாரின் உன்னிப்பை மெச்சும்போது அதையும் மறக்க முடியாது.

ஒப்புமை தலைகீழாகத் திரும்பும் இடம் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. துணியில் சாயம் நூலுக்குள் இறங்குகிறது. ஆகவே மெழுகும் நூலுக்குள் இறங்கி மறுபக்கம் வரை போக வேண்டும். மேலோடு நின்றால் நீலம் பின்வழியாக வந்து சேரும். மெழுகு ஊடுருவட்டும் என்று துணியை வெயிலில் காட்டினார்கள். பிளாஸ்டிக்கில் நிறம் மேலேயே உட்காருகிறது. ஆகவே மாஸ்க்கும் மேலேயே உட்கார வேண்டும். அணுவளவு இறங்கினாலும் பிறகு பிரிக்க முடியாது. ஒன்றுக்குத் திறமை ஊடுருவுவதில் என்றால் மற்றொன்றுக்கு ஊடுருவாமல் இருப்பதில். முடிவிலும் இது தெரியும். துணியில் வெள்ளைக்கும் நீலத்துக்கும் இடையே விரல் வைத்தால் எல்லை தட்டுப்படாது. மாடலில் சிறு வரப்பு தட்டுப்படும். நீரில் நனைத்த நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துத்தான் அதைச் சமன் செய்ய வேண்டும்.

அப்படியானால் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? இரண்டிலுமே அடித்தளத்தில். துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்த பிறகே எழுதுகோலைத் தொட்டார்கள். பாலின் கொழுப்பு கோடு கசிந்து பரவாமல் தடுத்தது. மாடலில் முதலில் பாகங்களைச் சோப்பு நீரில் கழுவி அச்சு எண்ணெயைப் போக்கி, பிரைமர் அடித்து, அக்ரிலிக் முழுதாக இறுக ஓரிரு நாள் விட வேண்டும். பிறகு பளபளப்பு வார்னிஷ். மங்கலான பரப்பின் நுண்குழிகளில் ரப்பர் பல் பதிக்கும். வழவழப்பான பரப்பு அதை எளிதில் விட்டுவிடும். பழைய மாடல்காரர்கள் பளபளப்புக்குத் தரை மெருகு திரவத்தைச் சொல்வார்கள். அதுவும் அக்ரிலிக், அதையும் அம்மோனியா கரைக்கும். திருடனையே காவலுக்கு வைப்பதற்கு ஒப்பு. லாக்கர் வகை வார்னிஷை மெல்லிய பனியாகப் பல தடவை தெளித்துக்கொள்வது மேல். நெடியில்லாத, அம்மோனியா சேராத திரவங்களும் கிடைக்கின்றன. கிடைத்தால் அவையே நல்லது.

எதிர்பாராத உறவு நுண்வேலையில் வெளிப்படுகிறது. சிவந்த இதழுக்குள் நரம்பாக ஓடும் வெள்ளைக் கோடுகளுக்காக, படிகாரம் பூசும் முன்பே மெழுகால் மயிரிழை எழுதி, பூசியபின் வெந்நீரில் மெழுகைப் போக்கிவிட்டுச் சாயவேர்க் கொதிப்புக்குப் போனார்கள். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகச் செய்த கோடாலிக் கருப்பூர்ச் சேலையிலோ ஜரிகை நெய்த துணியின் மேலேயே மெழுகும் சாயமும் விளையாடின. மிக்-21இன் இறக்கை விளிம்பில் வண்ணம் உதிர்ந்து உலோகம் தெரிவதைக் காட்ட, வெள்ளி நிறத்தின் மேல் மாஸ்க்கைப் புள்ளி புள்ளியாக ஒற்றி, மேலே பச்சை தெளித்து, உரித்து எடுக்கிறோம். கண்ணில் படும் அழகு இரண்டிலும் நாம் எழுதாமல் விட்ட இடம். ஆனால் ஒருவர் காட்ட விரும்பியது மலர்ச்சி, மற்றவர் காட்ட விரும்புவது தேய்மானம்.

விலக்கும் நேரத்தில் மெழுகு பொறுமைசாலி. கொதிநீர் கிடைக்கும் வரை காத்திருக்கும். மாஸ்க் காத்திருக்காது, வாரக்கணக்கில் விட்டால் இறுகி ஒட்டிவிடும். கீழ் வண்ணம் நன்றாக முதிர்ந்திருக்க வேண்டும், மேல் வண்ணமோ தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்திருந்தால் போதும். மேலே கனமாகத் தெளித்திருந்தால் விளிம்பைக் கூர்கத்தியால் மெதுவாகக் கீறிவிட்டு, பல்குச்சியால் ஒரு மூலையைக் கிளப்பி, பரப்போடு ஒட்டினாற்போல் படுக்கையாக இழுக்க வேண்டும். செங்குத்தாக இழுத்தால் வண்ணமும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையின் ஈரக்காற்றில் இரண்டு வண்ணங்களுமே கூடுதல் நேரம் கேட்கும். பால் நிறம் மாறித் தெளிந்த பிறகுதான் மாஸ்க் உலர்ந்ததாகக் கொள்ள வேண்டும். பழைய கைவினைஞருக்கு வெயிலின் சூடு முக்கியம். நமக்குக் காற்றின் ஈரம்.

எடை போட்டால் மெழுகே நம்பகமான காவலாளி; மாஸ்கிங் திரவம் கெட்டிக்காரன், ஆனால் கண்காணிப்பில் வைக்க வேண்டியவன். அகன்ற பரப்புக்கு மாஸ்கிங் டேப் போதும். விமானியறைக் கண்ணாடி, உதிர்வுப் புள்ளிகள், டேப் வளையாத மூலைகள் ஆகியவற்றுக்கு மட்டும் திரவத்தை வைத்துக்கொள்ளுங்கள். அங்கும், பாகங்களை வெட்டியெடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் அதே பிரைமர், அதே அக்ரிலிக், அதே வார்னிஷ் அடித்து, திரவத்தைப் பூசி உரித்துப் பார்த்த பிறகே மாடலில் கை வையுங்கள்.