எல்லையும் எண்ணிக்கையும்: நெய்யாற்றின்கரைத் தமிழ்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்த செங்கல் முதலிய சிற்றூர்களின் பேச்சைத் தமிழ் என்பதா, மலையாளம் என்பதா என்னும் வினா எளிதில் விடை காண இயலாதது. தமிழகத்தின் பெரும்பகுதியில் மரவள்ளி எனவும் நடுக்கேரளத்தில் கப்பை எனவும் வழங்கும் கிழங்கு, களியக்காவிளைக்கு இருபுறத்தும் மரச்சீனியே. சொற்களின் எல்லை மாநில எல்லையோடு ஒத்துச் செல்வதில்லை.

இம்மண்ணில் தமிழ் அண்மையில் குடியேறியதன்று. ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவபுரச் செப்பேடு (கி.பி. 866) வட்டெழுத்தில் எழுதப்பட்ட தமிழ் ஆவணம். முஞ்சிறையை அடுத்த அவ்வூர் பாறசாலைக்கு வெகுதொலைவில் இல்லை. பின்னாளில் இருபுறமும் திருவிதாங்கூர் ஆட்சியின் கீழ் இருந்தமையால், மக்கள் இரண்டிலொன்றைத் தேர்ந்துகொள்ளும் கட்டாயமும் எழவில்லை.

அக்கட்டாயம் மொழிவழி மாநிலப் பிரிவினையோடு வந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் போராட்டத்தில், 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. நெய்யாற்றின்கரையும் அக்கட்சியின் கோரிக்கையில் இடம்பெற்றிருந்தது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது.

எல்லைக்கு அப்பால் நின்றவர்க்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமலில்லை. தாய்மொழித் தொடக்கக் கல்வியை அரசியலமைப்பின் 350அ பிரிவு வலியுறுத்துகிறது. அரசோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையைக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) வழங்கியது. ஆயினும் பள்ளியைப் பொறுத்தவரை, 1949இல் கல்வி அமைச்சர்கள் மாநாடு வகுத்த அளவே அடிப்படையாயிற்று: வகுப்பில் 10 மாணவர், அல்லது பள்ளியில் 40 மாணவர் இருத்தல் வேண்டும். இங்கேதான் இடர்ப்பாடு. இருமொழியும் வழங்கும் வீட்டில் தாய்மொழி எது என்பதைச் சேர்க்கைப் படிவம் தீர்மானித்துவிடுகிறது. வேலைவாய்ப்பை எண்ணிப் பெற்றோர் மலையாளம் என்று எழுதினால், வீட்டில் தமிழ் பேசும் குழந்தையும் அந்தப் பத்தில் சேராது.

எண்ணிக்கையைக் கொண்டு மொழியுரிமையை அளப்பது நம் நாட்டு வழக்கம் மட்டுமன்று. அலாஸ்காவின் தென்மேற்கே யூக்கான், குஸ்கோக்விம் ஆறுகளின் கழிமுகத்தில் வாழும் யூப்பிக் மக்களின் மொழியைப் பேசுவோர் ஏறத்தாழப் பத்தாயிரவர். பள்ளியில் தம் மொழியைப் பேசியதற்காக அவர்தம் சிறுவர் தண்டிக்கப்பட்ட காலமுண்டு. 1972இல் அம்மாநிலம் இயற்றிய இருமொழிக் கல்விச் சட்டம், ஆங்கிலமல்லாத மொழியை முதன்மையாகக் கொண்ட மாணவர் 15 பேரேனும் உள்ள பள்ளிகளைக் கருத்திற் கொண்டது. 2014இல் யூப்பிக் அங்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது.

ஆனால் யூப்பிக்கும் ஆங்கிலமும் சற்றும் உறவற்றவை. குழந்தை மொழி மாறினால் பாட்டி அன்றே அறிந்துகொள்வாள். செங்கலில் அண்டை மொழி உடன்பிறந்த மொழி. மரச்சீனி மரச்சீனியாகவே இருக்க, அதை எழுதும் எழுத்து மட்டும் மாறுகிறது. இத்தகைய மாற்றத்தை மக்கள்தொகைக் கணக்கின் தாய்மொழிப் பத்தி காட்டாது. வீடு, சந்தை, வழிபாடு, பள்ளி என ஒவ்வோர் இடத்திலும் யார் யாரிடம் எம்மொழியைப் பேசுகின்றனர் என்று தலைமுறைவாரியாகத் தொகுக்கும் கள ஆய்வே இங்கு முதலில் வேண்டப்படுவது.